அகதிக்கு அடைக்கலம் மட்டும் போதுமா?



சேலையூரில் 'கேம்ப்' என்று சொன்னால் நமக்கெல்லாம் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்தான் ஞாபகம் வரும். ஆனால் தமிழ்நாட்டில் இன்றைக்கும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் 'கேம்ப்' என்பதுதான் வீட்டு முகவரி. அவர்கள் இலங்கையில் நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். அதே போருக்குத் தப்பி இன்னொரு கூட்டம் சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே போர், ஒரே மொழி, ஒரே துயரம். ஆனால் போய்ச் சேர்ந்த நாடு வேறு என்பதால் வாழ்க்கையே வேறாகிவிட்டது. ஏன் அப்படி என்று விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு இந்தச் சங்கதி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்க அப்பா பெயிண்டர். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். செமஸ்டர் லீவில் அப்பாவோடு சுவரில் உப்புத்தாள் தேய்க்கவும் பட்டி பார்க்கவும் போவேன். அந்த வேலையில் எங்களோடு வருபவர் கும்மிடிப்பூண்டி முகாமைச் சேர்ந்த ஒருவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். மன்னார் பக்கத்தில் பிறந்தவர். 1990-இல் பதினைந்து வயதில் அம்மாவோடும் தங்கையோடும் படகேறி ராமேஸ்வரம் வந்தார். அவருடைய அண்ணன் அதற்கு முந்தின வருஷமே கொழும்பிலிருந்து கிளம்பி சுவிஸ் போய்விட்டார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர், இரண்டு நாடுகளில் அகதிகள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாமா சொன்னவற்றைக் கேட்ட பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

போரும் படகும்

1983 ஜூலை 23-ஆம் தேதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 சிங்கள ராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாள் கொழும்பில் தொடங்கிய கலவரம் பல ஊர்களுக்குப் பரவியது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். இதைத்தான் 'கறுப்பு ஜூலை' என்கிறார்கள். அன்று தொடங்கிய போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடியும் வரை இடையிடையே நின்று நின்று இருபத்தாறு வருஷம் நடந்தது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். நம்ம தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற தூரம்கூட அதைவிட அதிகமாக இராது. ஆகவே கையில் காசு இல்லாதவர்கள் மீன்பிடிப் படகில் இங்கே வந்தார்கள். நகையை விற்றோ நிலத்தை அடகு வைத்தோ ஏஜெண்டுக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் விமானம் ஏறி ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். மாமா வீட்டில் இருந்த காசு ஒரு பிள்ளைக்குத்தான் போதுமானதாக இருந்தது. மூத்தவனை அனுப்பினார்கள்.

1983 ஜூலை முதல் 1987 ஜூலை வரை மட்டும் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 1,34,053 பேர். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் அடுத்த அலை. 1995-க்குப் பின் ஓர் அலை, 2006-க்குப் பின் இன்னோர் அலை. 1983 முதல் 2012 வரை மொத்தம் 3,04,269 பேர் வந்ததாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. அவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் 1995 மார்ச்சுக்குள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

நடுநிலை நாடு என்றால் என்ன?

அடுத்த நாட்டுப் போரில் எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதுதான் நடுநிலை. சுவிட்சர்லாந்தின் நடுநிலையை ஐரோப்பிய வல்லரசுகள் 1815-இலேயே எழுத்தில் ஒப்புக்கொண்டன. இரண்டு உலகப் போர்களிலும் அந்த நாடு சண்டை போடவில்லை. ஐ.நா. சபையில் சேர்ந்ததே 2002-இல்தான். செஞ்சிலுவைச் சங்கம் பிறந்ததும் அந்நாட்டின் ஜெனீவா நகரில்தான், 1863-இல்.

அதற்காக சுவிஸ்காரர்கள் எல்லோரும் கருணை வள்ளல்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லருக்குப் பயந்து எல்லைக்கு வந்த யூதர்கள் உள்பட இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பிய நாடு அது. படகு நிறைந்துவிட்டது, இனி இடமில்லை என்பதுபோல் அன்றைய அமைச்சர் ஒருவர் பேசினார். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் செத்தார்கள். 1995-இல் சுவிஸ் ஜனாதிபதி இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பிறகு வரலாற்று அறிஞர்கள் குழு ஒன்றை அமைத்து, 2002-இல் முழு அறிக்கையையும் வெளியிட்டார்கள். சண்டை போடாமல் இருப்பதால் மட்டும் ஒரு நாட்டின் கை சுத்தமாகிவிடாது, கதவை மூடுவதும் ஒரு செயல்தான் என்பது அவர்கள் கற்ற பாடம்.

இந்தியாவின் கதை வேறு. நாம் 'அணிசேரா நாடு'. அமெரிக்க அணியும் வேண்டாம், ரஷ்ய அணியும் வேண்டாம் என்பது அதன் பொருள். ஆனால் பக்கத்து வீட்டுச் சண்டையில் நாம் நடுநிலையாக இருந்ததில்லை. 1980-களில் தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு இங்கே பயிற்சி கொடுக்கப்பட்டது. 1987 ஜூன் 4 அன்று நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொட்டலம் போட்டன. அதே ஆண்டு ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதிப்படை போனது. போன இடத்தில் புலிகளோடு சண்டை மூண்டு, நம் வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தமிழ்ப் பொதுமக்களும் ஏராளமாக இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியது. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 மே மாதம் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போரில் கை வைத்த நாட்டில் அகதியின் நிலைமை அரசியலோடு சேர்ந்து ஏறும், இறங்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

சுவிஸ் என்ன செய்தது?

அங்கே போன தமிழர்களுக்கு மாலை போட்டு வரவேற்பு எதுவும் நடக்கவில்லை. 1980-களில் அவர்களைப் பார்த்து அந்த ஊர்ச் சனங்கள் பயந்தார்கள். பழைய துணி முகாமில் கிடைத்த தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனில் கூட்டமாக நின்றால் போதும், போதை மருந்து விற்கிறவன் என்று பேச்சு. பத்திரிகைகளும் அப்படியே எழுதின. அரசாங்கமும் அவர்களைத் திருப்பி அனுப்பத்தான் பார்த்தது. 1994-இல் இலங்கை அரசோடு அதற்காக ஒப்பந்தமே போட்டது.

ஆனால் ஒரு விஷயம் இருந்தது. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் சுவிஸ் கையெழுத்திட்டிருந்தது. உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி. 1979-இல் சுவிஸ் பாராளுமன்றம் தஞ்சச் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியிருந்தது. சட்டம் இருந்ததால் பிடிக்காத விருந்தாளியானாலும் வாசலில் வைத்தே விரட்ட முடியாது. மனுவை வாங்க வேண்டும். நேரில் விசாரிக்க வேண்டும். முடிவை எழுத்தில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இடம் தர வேண்டும்.

அங்கே அகதியின் அடையாள அட்டையில் ஓர் எழுத்து இருக்கும். மனுப் போட்டுக் காத்திருப்பவருக்கு 'என்'. மனு ஏற்கப்படாவிட்டாலும் இப்போதைக்குத் திருப்பி அனுப்ப முடியாது என்றால் 'எஃப்'. குடியிருக்க அனுமதி கிடைத்தால் 'பி'. நிரந்தரமாகக் குடியேறிவிட்டால் 'சி'. அதற்குமேல் குடியுரிமை. நம்ம டிப்ளமாவில் முதல் வருஷம், இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் என்று இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அரியர் விழலாம், வருஷம் வீணாகலாம். ஆனால் அடுத்த படி எது, அதற்கு என்ன தகுதி என்பது நோட்டீஸ் போர்டில் இருக்கிறது.

மாமாவின் அண்ணன் 1989-இல் மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தார். வருஷக்கணக்கில் 'என்' அட்டையோடு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். அவரைப் போல 1992 முடிவதற்குள் வந்து, கேஸ் முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் பல ஆயிரம் பேர். 2000-ஆம் ஆண்டு சுவிஸ் அரசு அவர்களில் பலரையும் தங்கவிடுவதென்று ஒரு மனிதாபிமான நடவடிக்கை எடுத்தது. பலன் பெற்றவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து போனவர்கள். அண்ணனுக்கும் அப்போதுதான் 'எஃப்' கிடைத்தது. பதினொரு வருஷம்! அதன் பிறகு 'பி', பிறகு 'சி', பிறகு ஜெர்மன் மொழித் தேர்வு, குடியுரிமை. இன்றைக்கு ஓட்டுப் போடுகிறார்.

இன்று அந்த நாட்டில் இலங்கையிலிருந்து போனவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் 'தோல் ஜாக்கெட்' என்று கேலி பேசிய ஊரே இன்று அவர்களை உழைப்பாளிகள் என்று பேசுகிறது. தலைநகர் பெர்னில் 2014-இல் திறக்கப்பட்ட 'சமயங்களின் இல்லம்' என்ற கட்டடத்தில் பள்ளிவாசல், தேவாலயம், புத்த விகாரை இவற்றோடு நம்ம தமிழ்க் கோயிலும் இருக்கிறது. 2006-இல் இலங்கை அரசும் புலிகளும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்ததும் ஜெனீவாவில்தான். எந்தப் பக்கமும் சேராத நாடு என்பதால் இரண்டு பக்கமும் அங்கே போக முடிந்தது.

அங்கேயும் தப்பு நடக்காமல் இல்லை. 2013-இல் சுவிஸ் திருப்பி அனுப்பிய இரண்டு தமிழர்கள் கொழும்பில் கைது செய்யப்பட்டார்கள். உடனே திருப்பி அனுப்புவதை நிறுத்தினார்கள். வெளியாரை வைத்து விசாரித்தார்கள். எங்கள் வேலையில் தவறு இருக்கிறது என்று 2014-இல் அறிக்கை போட்டார்கள். தவறு நடந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வழியும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்தியா என்ன செய்தது?

நம் நாட்டைக் குறைத்துப் பேசுவது என் எண்ணம் அல்ல. சொல்லப் போனால் மனசு வைத்ததில் நாம்தான் பெரியவர்கள். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு கோடி பேரைத் தாங்கிய நாடு இது. இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களிடம் யாரும் விசா கேட்கவில்லை. ராமேஸ்வரத்தில் மீனவர்களும் ஊர்ச் சனங்களும் சோறு போட்டார்கள். நம்ம தாம்பரத்திலிருந்து 2025 ஏப்ரல் முதல் ராமேஸ்வரத்துக்கு ரயில் ஓடுகிறதல்லவா, அந்தப் பாதையில் பாம்பன் பாலத்துக்கு முன்னால் இருப்பதுதான் மண்டபம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைத் தங்க வைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் அங்கே இருந்தது. போகிறவர்களை அனுப்பிய அதே இடம், வருகிறவர்களைச் சேர்க்கும் முகாமாக மாறியது. அங்கிருந்துதான் மற்ற மாவட்டங்களின் முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

மாதா மாதம் பணக்கொடை, மலிவு விலையில் அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அரசு ஆஸ்பத்திரி எல்லாம் கிடைத்தன. ஒரு கிலோ அரிசி 57 காசுக்குக் கொடுத்த காலத்தை மாமா இன்றும் சொல்வார். முகாம் பிள்ளைகளின் படிப்புக்காக 1984-இல் சந்திரஹாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் பெரிய தொண்டு செய்தது. இவர் தந்தை செல்வா என்று அழைக்கப்படும் செல்வநாயகத்தின் மகன்.

ஆனால் 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. நமக்கென்று தனி அகதிகள் சட்டமும் கிடையாது. சட்டத்தின் கண்ணில் மாமாவும் சுற்றுலா வந்து விசா முடிந்து தங்கிவிட்ட ஒரு வெளிநாட்டுக்காரரும் ஒன்றுதான். இரண்டு பேரும் 'அயல்நாட்டார்'. 2003-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, உரிய பத்திரம் இல்லாமல் வந்தவர்கள் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள்' ஆனார்கள். அப்படிப்பட்டவர் பதிவு செய்தோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெற முடியாது. உயிருக்குப் பயந்து படகில் ஏறுகிறவன் பாஸ்போர்ட் ஆபீசில் க்யூவில் நின்றுவிட்டா வருவான்?

அப்படியானால் அரிசியும் பணமும் படிப்பும் எந்த அடிப்படையில் கிடைத்தன? அரசாணை, அதாவது ஜி.ஓ. மூலமாக. இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஜி.ஓ. கொடுத்ததை இன்னொரு ஜி.ஓ. எடுத்துவிடலாம்.

1991-இல் அதுதான் நடந்தது. ஒரு கொலைக்குப் பிறகு, அந்தக் கொலைக்குச் சம்பந்தமே இல்லாத லட்சக்கணக்கான பேரின் வாழ்க்கை மாறியது. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் போக முடியவில்லை. வெளியில் தங்கியவர்கள் போலீசில் பதிய வேண்டியதாயிற்று. சந்தேகப்பட்டவர்களை வேலூர், செங்கல்பட்டு போன்ற இடங்களில் 'சிறப்பு முகாம்' என்ற பெயரில் அடைத்தார்கள். முகாம் மாணவர்கள் கல்லூரிகளில் சேர இருந்த வழி மூடப்பட்டது. 1996-க்குப் பிறகுதான் அது மறுபடி திறந்தது. நடுவில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மாமாவின் தங்கை அவர்களில் ஒருத்தி. நன்றாகப் படிப்பாராம். முடித்த வருஷம் 1993.

1992-இல் அகதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, அவர்கள் மனசார விரும்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்களைக் கேட்டு உறுதி செய்யும் ஏற்பாடு அப்போதுதான் வந்தது. நம் அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகள் குடிமகன் என்று சொல்லாமல் 'எந்த நபருக்கும்' என்று சொல்வதால் அகதிக்கும் உயிர்ப் பாதுகாப்பு உண்டு. 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆக, இந்தியாவில் அகதிக்குச் சட்டம் என்று இருப்பது நீதிமன்றம் அவ்வப்போது பிடிக்கிற குடைதான்.

இரண்டு பிள்ளைகள்

சுவிஸ் அண்ணனின் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அந்த நாட்டில் பள்ளி முடித்ததும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வகுப்பு, மீதி நாள் கம்பெனியில் வேலை, அதற்குச் சம்பளம். இந்தப் பெண் 'பாலிமெக்கானிக்' பயிற்சியில் இருக்கிறாள். நாலு வருஷப் படிப்பு. லேத், மில்லிங், சி.என்.சி. எல்லாம் உண்டு. நம்ம கோர்ஸேதான்!

மாமாவின் மகன் 2005-இல் கும்மிடிப்பூண்டியில் பிறந்தவன். அவனும் மெக்கானிக்கல் டிப்ளமா. என்னைவிட நல்ல மார்க். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்பெனி அவனை எடுத்தது. பெயர் வேண்டாம். சான்றிதழ் சரிபார்க்கும் நாள் வந்தது. நான் படிப்பில் சேர்ந்தபோது அப்பா கூலியை விட்டுவிட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று வாங்கிக் கொடுத்தார். அலைச்சல்தான், ஆனால் கிடைத்தது. இவன் கையில் இருப்பது முகாம் அடையாள அட்டை. ஃபாரத்தில் 'நேஷனாலிட்டி' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? இந்தியன் என்று எழுதினால் பொய். இலங்கை என்று எழுதலாம், ஆனால் அவன் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. 'பிறகு சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. இப்போது அவனும் எங்களோடு பெயிண்ட் அடிக்கிறான்.

பெயிண்ட் அடிப்பது கேவலமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலையில் வந்த காசில்தான் நான் படிக்கிறேன். ஆனால் எனக்கு அது லீவு நாள் வேலை. அவனுக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். சுவிஸிலும் அந்த மண்ணில் பிறந்த ஒரே காரணத்துக்காகக் குடியுரிமை கிடைத்துவிடாது. 'சி' அட்டை வேண்டும், பத்து வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 'எஃப்' அட்டையில் இருந்த வருஷங்களைப் பாதியாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். கஞ்சத்தனமான சட்டம்தான். ஆனாலும் ஏணி இருக்கிறது. இந்தியாவிலோ 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. மாமா மகன் போன்றவனுக்கு ஏணியில் முதல் படியே இல்லை.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார். மறுத்தார்கள். அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். பிறந்த தேதி ஒன்றரை வருஷம் தள்ளியிருந்தால் கேஸே நின்றிருக்காது.

மறுபக்க நியாயம்

ஏன் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதற்கும் காரணம் சொல்கிறார்கள். நம் எல்லை நீளமானது, பக்கத்து நாடுகளில் அடிக்கடி குழப்பம். ஒரு கோடி பேர் வந்து நின்றால் ஒவ்வொருவரையும் விசாரித்து எழுத்தில் பதில் கொடுக்க ஏது ஆள், ஏது பணம்? அகதி வேஷத்தில் ஆயுதம் ஏந்தியவனும் வரலாம். தவிர, பணக்கார நாடுகள் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சட்டம் பேசுகின்றன, பாரத்தைச் சுமப்பது ஏழை நாடுகள். இதில் உண்மை உண்டு. சுவிஸுக்குப் போக விமான டிக்கெட் வேண்டியிருந்தது, இங்கே வர ஒரு படகு போதும். 2025 மே மாதம் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி, உலகெங்கும் உள்ள அகதிகளைத் தங்க வைக்க இந்தியா ஒரு தர்மசத்திரமா என்று கேட்டதும் இந்த எண்ணத்தில்தான்.

ஆனால் என் சிறு புத்திக்கு எட்டியது இதுதான். இனி வரப்போகிறவர்களைப் பற்றிய பயம் ஒரு விஷயம். முப்பத்தைந்து வருஷமாக இங்கே இருப்பவரின் கேள்வி வேறு விஷயம். இவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். குறிப்பிட்ட நாளில் அதிகாரி முன் வரிசையில் நின்று பதிவு செய்கிறார்கள். வெளியூர் வேலைக்குப் போனாலும் அந்தப் பதிவு நாளுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். எங்க அப்பாவே சொல்வார், 'சைட்டில் எந்த அவசரம் இருந்தாலும் அன்னிக்கு அவர் வர மாட்டார்' என்று. இவ்வளவு தெரிந்தவர்களுக்கு ஒரு வழி வகுப்பதால் நாட்டுக்கு என்ன ஆபத்து?

என்ன மாறியிருக்கிறது?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே போலீஸ் பதிவோடு 34,087 பேரும் இருந்தார்கள். பத்துக்குப் பத்து அறைகளுக்குப் பதிலாக 7,469 புது வீடுகள், பணக்கொடை உயர்வு, படிப்பு உதவி உயர்வு எல்லாம் அதில் இருந்தன. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. மாமா குடும்பத்தார் இதை நன்றியோடு சொல்கிறார்கள்.

மத்தியில், 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும்தான். இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த புதிய உத்தரவுப்படி, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. நல்ல காரியம். இத்தனை வருஷம் தலைக்குமேல் தொங்கிய கத்தியை எடுத்திருக்கிறார்கள். ஆனால் இது தண்டனை இல்லை என்ற உத்தரவு. உரிமை உண்டு என்ற சட்டம் அல்ல.

வொர்க்ஷாப்பில் நமக்கு முதலில் சொல்லித் தருவது என்ன? டிராயிங் இல்லாமல் ஜாப்பைத் தொடாதே. டிராயிங் இருந்தால், செய்தது சரியா தப்பா என்று வெர்னியர் வைத்து யாரும் அளந்து பார்க்கலாம். டிராயிங் இல்லாவிட்டால் ஃபோர்மேன் நல்ல மனுஷனாக இருந்தால் ஜாப் பாஸ், கோபத்தில் இருந்தால் ரிஜெக்ட். இந்தியாவில் அகதி என்பவர் டிராயிங் இல்லாத ஜாப். நல்ல ஃபோர்மேன்கள் நிறையப் பேர் நமக்கு வாய்த்தார்கள், அது உண்மை. ஆனால் 1991-ம் வந்ததே!

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் பெரியவர்கள் வாக்கு. விருந்தாளியாக ஒருவரை முப்பத்தைந்து வருஷம் வைத்திருக்க முடியாது. ஒன்று, ஊர் அமைதியானதும் அவர் பயமில்லாமல் மரியாதையோடு திரும்பிப் போக வழி செய்ய வேண்டும். போக விரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் நிலமும் வீடும் அங்கே இருக்கின்றன. இல்லையென்றால், இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள் இந்த வீட்டுக்காரர்களாக ஆக வழி செய்ய வேண்டும். இரண்டும் இல்லாமல் திண்ணையிலேயே மூன்று தலைமுறை உட்கார வைப்பது விருந்தோம்பல் ஆகாது.

மாணவர்களாகிய நாம் சட்டம் போட முடியாது. ஆனால் நமக்குக் கைக்கெட்டிய காரியம் ஒன்று உண்டு. நம் வகுப்புகளிலும் முகாம் பிள்ளைகள் படிக்கலாம். வெளியே சொல்லிக்கொள்ளத் தயங்குவார்கள். ப்ளேஸ்மென்ட் சமயத்தில் அவர்களுக்கு என்ன சான்றிதழ் தேவை, எந்தக் கம்பெனி முகாம் அட்டையை ஏற்கும், அப்ரண்டிஸ் சேர முடியுமா என்பதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்துச் சொல்ல நம் யூனியன் ஓர் ஆளை நியமித்தால் என்ன? சர்டிபிகேட் சரிபார்க்கும் நாளில் ஒருவன் தனியாகப் போய் நிற்காமல், கல்லூரி கடிதத்தோடு போய் நின்றால் பதில் வேறாக இருக்கலாம். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று யூனியன் நண்பர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன், சேலையூர்